சாவியை எடுத்த பிறகும் விழித்திருந்த பெட்டி

மகனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் எந்த வயரையும் அறுக்கவில்லை. சித்தூரில் இருக்கும் உன் அத்தை, உன் அப்பாவின் தங்கை, போன வாரம் முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "அண்ணிக்கு வயசாயிட்ச்சு, மூளை கலங்கிட்ச்சு. மருமக பேச்சைக் கேட்டுக்கினு, புள்ள ஆசையா மாட்டிக் குடுத்ததைக் கத்தரிக்கோலால வெட்டி எறிஞ்சிட்டாங்க" என்று சொல்லிவருகிறாளாம். கத்தரிக்கோலை நான் தொடவே இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றினேன், பிறகு பிளஸ் முனையை. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, இவ்வளவுதான் என் ஆயுதங்கள். நீ சுற்றியிருந்த டேப்பை நகத்தால் பிரித்தேன். கழற்றிய திருகுகளை ஒரு காப்பி டபரா தட்டில் வரிசையாக வைத்து, ஒன்றுகூடத் தொலையாமல் திரும்ப மாட்டினேன். முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவள் நான். வயரை எப்படிக் கழற்றுவது என்று எனக்கு உன் அத்தை சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுக்கு இந்தத் தகவலைத் தந்தது நீ என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொரு பேச்சும் நடக்கிறது. மருமகள் சுகுணா உன்னிடம் தோஹாவுக்கு வந்துவிட்டால் திருப்பதியில் நான் தனியாகிவிடுவேனாம், அதனால் உங்கள் இருவருக்கும் நடுவில் நானே கலகம் மூட்டுகிறேனாம். உன் அப்பா போன பிறகு நான்கு வருடம் இந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். கேஸ் சிலிண்டரை நானே மாற்றினேன், மோட்டார் ஸ்டார்ட்டரை நானே பழுது பார்த்தேன். துணைக்காக யாரையும் பிடித்து வைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தைச் சுகுணா படித்துவிட்டாள். ஒரு பிரதி உன் அத்தைக்குப் போகிறது. யாரிடம் வேண்டுமானாலும் அவள் அதை வாசித்துக் காட்டட்டும், சொந்தமாக எதையும் சேர்க்காமல்.

போன விடுமுறையில் நீ வந்தபோது, போர்ட்டிகோவில் பழைய பாயை விரித்து, இரண்டு நாள் சுகுணாவின் மோட்டார் சைக்கிளோடு உட்கார்ந்திருந்தாய். தனியார் பால் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். விடியுமுன் கிளம்பி, புத்தூர், நாராயணவனம், நாகலாபுரம், சத்தியவேடு வரைக்கும் ஒவ்வொரு பால் சென்டராகப் போய்ப் பாலின் கொழுப்பைச் சோதித்துவிட்டு வருகிறவள். அவளுக்காக இரண்டு பனி விளக்குகள் மாட்டினாய். லாரிக்காரனுக்குக் கேட்கும்படி ஒரு ஹாரன் மாட்டினாய். போனைச் செருகிக்கொள்ள ஒரு பிடி, அதன் பக்கத்திலேயே சார்ஜர். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. விளக்குகளுக்குத் தனி ரிலே வைத்தாய், ஃபியூஸ் வைத்தாய். இணைப்பு ஒவ்வொன்றையும் சால்டர் செய்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினாய். "எல்லாத்தையும் கீ லைன்ல குடுத்துட்டேம்மா, சாவியை எடுத்தா எல்லாம் தூங்கிடும்" என்று சொன்னாய். இரண்டாம் நாள் கடைசியில், "ஒரு ஜிபிஎஸ்ஸும் வெச்சிருக்கேன், தெரியாத ஊருக்கெல்லாம் போறா" என்றாய். எங்கே என்று கேட்டேன். சீட்டைத் தட்டிக் காட்டினாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வழி காட்டுகிற கருவியை யாராவது சீட்டுக்கு அடியில் வைப்பார்களா? அதற்கு ஒரு திரை வேண்டாமா? நான் கேட்கவில்லை. மகன் நேர்த்தியாக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேள்வி எழவில்லை.

நீ விமானம் ஏறி ஒரு மாதம் ஆவதற்குள் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. அது கிக்கர் இல்லாத வண்டி, பட்டன் மட்டும்தான். சனிக்கிழமை மதியம் வந்து நிறுத்துவாள், ஞாயிறு ஓய்வு, திங்கட்கிழமை காலை பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று மட்டும் சத்தம் வரும். வாசல் சரிவில் தள்ளி, இரண்டாம் கியரில் போட்டு எப்படியோ கிளப்பிக்கொண்டு போவாள். பேட்டரியை மாற்றினாள். புதிய பேட்டரியும் அப்படியே. எனக்கு அது அவளுடைய வண்டி, அவளுடைய பாடு என்றிருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தாய். உடம்பு எப்படி, மாத்திரை போட்டாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, "ஆமா, திங்கக்கிழமையானா நாராயணவனத்துல ஒரு மணி நேரம் அவளுக்கு இன்னாம்மா வேலை?" என்றாய். பால் சென்டர் இருக்கிறதே என்றேன். "சென்டர் கோயில் பக்கம். இவ நிக்கிறது அதுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஏதோ கடை. அங்க யாரு கீறான்?" உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "யாரோ சொன்னாங்க" என்றாய். நான் உன் அத்தையைச் சந்தேகித்தேன். உன்னைச் சந்தேகிக்கவில்லை. அதைவிட மோசம், சுகுணாவைச் சந்தேகித்தேன்.

இதை நான் எழுதத்தான் வேண்டும். நீ அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் வேண்டாம் என்றவள். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமம். ஒரு தலைமுறைக்கு முன்வரை சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடு. அதில் முதல் பட்டதாரி. அவள் பேச்சை நான் ஒரு வருடம் திருத்திக்கொண்டே இருந்தேன். "துன்னேன் இல்லம்மா, சாப்பிட்டேன்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, துன்னாத்தான் எனக்குப் பசி அடங்குது. சாப்பிட்டா அடங்க மாட்டேங்குது, இன்னா பண்றது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு திருத்துவதை விட்டுவிட்டேன். இருந்தும், நீ அந்தக் கேள்வியைக் கேட்ட சாயங்காலம், அவள் வந்து செருப்பைக் கழற்றியதும், "நாராயணவனத்தில் இன்றைக்கு எங்கே நின்றாய்?" என்று வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டேன். "வண்டி நின்னுபோச்சு அத்தை, பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக்கினு வந்தேன்" என்றாள். நான் நம்பவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே ஊரில் நிற்கிற வண்டி உண்டா என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, அவள் கிளம்பிப் போனதும், புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். என் மருமகளை வேவு பார்க்க, இந்த முழங்கால் வலியோடு. நாராயணவனத்தில் இறங்கி, இரண்டு தெரு தள்ளி என்று நீ சொன்னாயே, அதை நினைவில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு மெக்கானிக் கடை. வாசலில் கிடந்த லாரி டயர் மேல் உட்கார்ந்து, மடியில் ரிஜிஸ்டரை வைத்து, சுகுணா பாலின் கொழுப்புக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீட் திறந்து கிடந்த வண்டி. உள்ளே பெஞ்சில் அவளுடைய பேட்டரி சார்ஜில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். "அத்தை! கோயிலுக்கா வந்தீங்க? சொல்லியிருந்தா வண்டியிலேயே இட்டுக்கினு வந்திருப்பேனே!" ஆமாம் என்றேன். பொய். அந்த மெக்கானிக், முனிரத்தினம் என்று பெயர், என் வயதில் பாதியைத் தாண்டியவர், ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "கூச்சோண்டி அம்மா, உக்காருங்க. நீங்களாவது மேடத்துக்குச் சொல்லுங்க. பேட்டரி மேல தப்பு இல்ல. உள்ள எதுவோ ஒண்ணு குந்திக்கினு ராவும் பகலும் கரெண்ட்ட துன்னுது. எங்கயோ டைரக்ட்டு குடுத்துகிறாங்க. பிரிச்சிப் பாத்துடலாம்னு நானும் ஆறு வாரமா சொல்றேன். வாணாம்னு ஒரே புடி."

ஏன் என்று அவளைக் கேட்டேன். அவளுக்குக் கொஞ்சம் வெட்கம். "அவரு ரெண்டு நாளு குந்திக்கினு தன் கையால சுத்தினது அத்தை. வேற யாரும் கை வெக்க வாணாம். அடுத்த லீவுல வந்து அவரே பாக்கட்டும்."

இந்த இடத்தை நீ இரண்டு முறை படி. நீ தூரத்திலிருந்து பார்த்து, அந்தக் கடையில் யார் இருக்கிறான் என்று என்னைக் கேட்டாயே, அந்தக் கடையில் அவள் உன் கைவேலையை அடுத்தவன் பிரித்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன், சொன்ன பொய்யை மெய்யாக்க. கல்யாண வெங்கடேஸ்வரர் முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எதுவும் கேட்காமல் திரும்பி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பார்க்கிறேன் என்று சுகுணாவிடம் சொன்னேன். "நீங்க பாத்தா பரவால்ல அத்தை, நீங்க வீட்டு ஆளு" என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் முனையைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன். சாவி இல்லாத வண்டியில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அது எழுபது மில்லி ஆம்பியர் காட்டியது. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் சனி மதியத்திலிருந்து திங்கள் விடியல் வரை அது ஓயாமல் இழுத்தால், அந்தச் சின்ன பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. பிறகு இருட்டில் ஹெட்லைட்டும் நீ மாட்டிய இரண்டு விளக்குகளும் எரிய அவள் ஓட்டிப் போகும்போது, வண்டி உண்டாக்குகிற கரண்ட் விளக்குகளுக்கே சரியாகிவிடும், பேட்டரிக்கு ஏறாது. திங்கட்கிழமைகளில் அவள் முதலில் நிற்பது நாராயணவனம் சென்டரில், அங்கே பால் சோதிக்க அணைத்தால், பிறகு கிளம்பாது. அங்கே சரிவு கிடையாது. ஒண்டியாக இரண்டு தெரு தள்ளிக்கொண்டு போவாள். திங்கட்கிழமைதோறும் ஒரே ஊரில் நிற்கிற வண்டி உண்டு. அப்படி நிற்க வைத்தது நீ.

உன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். விளக்கு, ஹாரன், சார்ஜர். எதை எடுத்தாலும் மீட்டர் அசையவில்லை. பிறகுதான் வண்டியோடு வந்த ஒரிஜினல் வயர்க் கற்றையில் ஓர் இடத்தில் டேப் கொஞ்சம் புதிதாக இருப்பதைக் கவனித்தேன். அதே கறுப்பு, அதே அகலம், அதே சுற்று. தேடித் தேடி வாங்கியிருப்பாய். பிரித்தால், மெல்லிய சிவப்பு வயர் ஒன்று கற்றையின் நடுவே ஒளிந்து போய், சாவியைத் தொடாமல், எந்தச் சுவிட்சையும் தொடாமல், நேராகப் பேட்டரியின் பிளஸ்ஸில் போய் உட்கார்ந்திருந்தது. முனிரத்தினம் சொன்ன டைரக்ட். மறுமுனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கும் ஃபியூஸ் வைத்திருந்தாய். வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை வேலையில் இல்லாததுதான் எனக்கு அத்தனை கோபம் மூட்டியது. தெரியாமல் செய்தவன் என்றால் மன்னித்திருப்பேன். நீ எலெக்ட்ரிகல் படித்தவன். ஒரே வண்டியில் நான்கு பொருள்களைச் சாவி லைனில் கொடுத்துவிட்டு, ஐந்தாவதை மட்டும் டைரக்டாகக் கொடுத்திருக்கிறாய். வழி காட்டுகிற கருவிக்குச் சாவி போட்ட பிறகு கரண்ட் வந்தால் போதும். நிறுத்திவிட்டு எங்கே போனாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று பார்க்கிற கருவிக்குத்தான் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் வேண்டும். உன் மனதில் இருந்ததை அந்த ஒரு வயரில் எழுதி வைத்திருந்தாய்.

அவளுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சார்ஜ் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிடலாம் என்றுகூட நாக்கு நுனிவரை வந்தது. அவளே டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். "இது எங்க பால் டேங்கர்ல கீற பெட்டி அத்தை" என்றாள். "டிரைவருங்க வழியில நிறுத்திப் பாலை எடுத்து வித்துட்டுத் தண்ணி கலக்கறாங்கன்னு கம்பெனில எல்லா டேங்கருக்கும் வெச்சாங்க. எங்க நின்னான், எவ்ளோ நேரம் நின்னான்னு ஆபீஸ்ல தெரியும்." டார்ச்சை அணைத்தாள். "நான் இன்னா அத்தை திருடினேன்?"

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். நான் பெட்டியைக் கழற்றி முடித்து, டேப்பைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும்போது உன் போன் வந்தது. கழற்றி அரை மணிகூட ஆகவில்லை. ஞாயிறு உனக்கு வேலை நாள், நடுவில் நீ போன் செய்கிறவன் இல்லை. "அம்மா, வண்டி எங்க? சிக்னல் போச்சு!" என்றாய். வண்டி என் எதிரில்தான் நிற்கிறது, பெட்டி என் கையில் இருக்கிறது என்றேன். நீ கத்தினாய். "திருட்டுக்குத்தாம்மா வெச்சேன்! வண்டி காணாமப் போனா கண்டுபுடிக்க! உனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" எனக்குத் தெரியும். வண்டித் திருடனைப் பிடிக்க வைத்த கருவி என்றால், வண்டியை ஓட்டுகிறவளிடம் அதைச் சொல்லியிருப்பாய். திருடன்தான் வண்டியை நாராயணவனத்துக்கு ஓட்டிப் போனான் என்று நினைத்தா அங்கே யார் இருக்கிறான் என்று கேட்டாய்?

இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று பதினைந்து நாளாக யோசிக்கிறேன். என்னிடமிருந்து வந்தது. சித்தூரில் நான் படித்த கான்வென்ட் விடுதியில், வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும். சிஸ்டர் படித்துப் பார்த்து, எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அவர்களே ஒட்டி அனுப்புவார்கள். அது ஒழுங்கு என்றே நான் வளர்ந்தேன். நீ சென்னையில் இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் வருடம். ஊரெல்லாம் புதிய கல்லூரிகளும் எஸ்டிடி பூத்துகளும் முளைத்துக்கொண்டிருந்த காலம். தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தான். லீவில் நீ வீட்டில் இருந்தபோது உன் அறைத்தோழனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீ குளித்துக்கொண்டிருந்தாய். இட்லிப் பானை ஆவியில் அதைப் பிரித்தேன், படித்தேன், திரும்ப ஒட்டி மேஜைமேல் வைத்தேன். ஒரு பாடத்தில் நீ தோற்றிருந்ததும், மறு தேர்வுக்குப் பணம் கட்டியிருந்ததும் அதில் இருந்தன. அதை உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, "எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாய்தானே?" என்றேன், எதுவும் தெரியாதவளைப்போல. நீ அந்த உறையைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோந்து இன்னும் காயலம்மா" என்றாய். அந்த லீவு முடியும்வரை என்னோடு பேசவில்லை. உன் அப்பா, நீ நைனா என்று கூப்பிடுவாயே அந்த மனிதர், எதற்கும் குரல் உயர்த்தாதவர், அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பதில் தெரிஞ்சிக்கினே கேள்வி கேக்கறது கிளாசுல செய்யி. வூட்ல செய்யாத. நீ டீச்சரு, போலீசு இல்ல" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நான் செய்தது தவறு. இதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த அனுபவம் உனக்கு இருக்கிறது. பிரித்து ஒட்டிய கடிதத்தைக் கையில் வாங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நீ. தெரிந்தும் அதை உன் மனைவிக்குச் செய்தாய்.

நீ தனியாக இருக்கிறாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. குடும்ப வீடு கிடைக்கும்வரை எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்து, சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் இருப்பவள் என்ன செய்கிறாளோ என்று நினைக்கிற ஆயிரம் பேரில் நீ ஒருவன். அறையில் யாராவது, தன் வீட்டில் கேமரா வைத்திருக்கிறேன், நீயும் வை என்று சொல்லியிருப்பான். உன் அத்தையும் தன் பங்குக்கு, "பொம்பள புல்லட்டுக்காரன் மாதிரி ஊரு ஊரா சுத்தறா" என்று உன் காதில் போட்டிருப்பாள். இதெல்லாம் காரணங்கள்தான். காரணம் இருப்பதால் செயல் சரியாகிவிடாது. பயமாக இருந்தால் அவளிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சிரித்திருப்பாள், இரண்டு வார்த்தை திட்டியிருப்பாள், பிறகு தினம் எங்கே நின்றேன் எங்கே துன்னேன் என்று உனக்குச் சலித்துப்போகும்வரை சொல்லியிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். உனக்கு மனைவியாகி ஆறு வருடம் ஆகிறது, எனக்கு இது தெரிந்த அளவுக்கு உனக்குத் தெரியவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அவளுடைய குடும்ப விசா வந்துவிட்டது. பால் கம்பெனி வேலையை விடுவதாக அவள் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். அந்த ஞாயிறு மதியம் அதை எடுத்து நான்காகக் கிழித்துவிட்டாள். அழவில்லை. "அங்க வந்தா நான் எங்க போனேன்னு பாக்க வண்டிகூட வாணாம் அத்தை, கதவு ஒண்ணு போதும். ஏன் வெச்சாருன்னு அவரையே எழுதச் சொல்லுங்க. படிச்சிட்டு சொல்றேன் போறதா வாணாமான்னு" என்றாள். நான் அவளைத் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவள் போகக் கூடாது என்பது என் விருப்பமில்லை. அவளை நீ கண்காணிக்கிற இடத்துக்கு நானே பெட்டி கட்டி அனுப்பவும் மாட்டேன். விசாத் தாளில் உள்ள கெடுவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

போனில் நீ கத்துவாய், பிறகு லைன் சரியில்லை என்பாய், பிறகு அழுவாய், நானும் இளகிவிடுவேன். இது நமக்குள் பலமுறை நடந்திருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் உன் போனை நான் எடுக்க மாட்டேன், அவளும் எடுக்க மாட்டாள். அந்தப் பெட்டியை வைத்தது அவளைக் கண்காணிக்கத்தான் என்றால், ஆம் என்று எழுது. திருட்டு, பாதுகாப்பு என்று பக்கம் நிரப்பாதே. எப்போதிலிருந்து அவள்மேல் சந்தேகம், யார் சொல்லி, என்ன பார்த்து என்று எழுது. இனி என்ன செய்வாய் என்று எழுது. மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் என்னிடம் கேட்க வேண்டாம், அவளிடம் கேள். முகவரியில் சுகுணாவின் பெயரை மட்டும் போடு.

உன் கையெழுத்தில், பேனாவில், தாளில் பதில் எழுது. இந்த வாரமே தபாலில் சேர்.

அம்மா